பிரேக் ஏன் கத்துகிறது? டிஸ்க் பிரேக் கேள்வி பதில்

சொந்த வண்டி, உறவினர் வண்டி, பக்கத்து வீட்டு வண்டி என்று பிரேக் வேலையை வாசலில் உட்கார்ந்தே பார்த்துப் பழகியவன் நான். டிஸ்க் பிரேக் சத்தம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன். ஆரம்பத்திலேயே ஒன்று: "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பிரேக் பிடிக்கும்போதா, பிடிக்காதபோதா? காலையில் மட்டுமா, வண்டி சூடான பிறகா? முன்னால் போகும்போதா, பின்னால் எடுக்கும்போதா? இதைக் கவனித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் வண்டியை எடுத்தால் முதல் நாலைந்து பிரேக்குக்கு 'கரகர' என்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. பேட் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் தட்டுதான் டிஸ்க், அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைதான் பேட். டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரே இரவில் மேலே மெல்லிய துரு படியும், பேட் அதைத் துடைத்து எடுக்கும்போது வரும் சத்தம்தான் இது. வண்டியைக் கழுவி அப்படியே நிறுத்தினாலும் இதே கதைதான். கழுவிய பிறகு ஒரு சுற்று ஓட்டி, நாலு முறை பிரேக் பிடித்துவிட்டு நிறுத்துங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் அது வேறு. அந்தத் துரு குழி விழும் அளவுக்கு இறங்கியிருக்கலாம்.

கேள்வி: அண்ணா, புது பேட் போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது. சிக்னலில் நிற்கப்போகும்போது 'கீச்' என்று ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கிறது. பேட் மட்டமானதா?

எல்லாரும் முதலில் பேட்டைத்தான் திட்டுகிறார்கள் தம்பி. இருக்கலாம், ஆனால் நான் பார்த்த வரை பேட்டைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் அதிக முறை குற்றவாளி.

கீச் சத்தம் என்பது அதிர்வு. பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்போது ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். இது விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் நடந்தால் டிஸ்க் ஒரு வெண்கல மணி போலப் பாட ஆரம்பிக்கும். பேட் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்து, பின்பக்கத் தகடு அதிர்வை விழுங்கிக்கொண்டால் அந்தப் பாட்டு நம் காதுக்கு வராது. பேட்டை மட்டும் மாற்றிவிட்டு, அதன் முனைகள் உட்காரும் பழைய தகட்டுக் கிளிப்பைத் துருவோடு விட்டிருந்தாலும், பேட்டின் பின்னால் ஒட்டியிருந்த மெல்லிய தகட்டைத் திரும்பப் போட மறந்திருந்தாலும் கத்தத்தான் செய்யும். உங்கள் வண்டியில் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

அப்புறம், புது பேட்டைப் பழக்கினீர்களா? பேட்டின் பொருள் ஒரு மெல்லிய படலமாக டிஸ்க் முழுதும் சமமாகப் படிய வேண்டும். பேட் பெட்டியில் முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் காலிச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு, மிதமாக அழுத்தி, எட்டு பத்து முறை இறக்குங்கள். முழுதாக நிறுத்தி பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், சூடான பேட் அந்த ஒரு இடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். முடிந்ததும் பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்ய ஆசை. எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? பிரேக் என்பதால் பயமாகவும் இருக்கிறது.

பயம் நல்லது, இருக்கட்டும். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கர நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்துங்கள். ஜாக்கியில் தூக்கிய பிறகு கட்டாயம் ஸ்டாண்ட் கொடுத்துத்தான் கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு இல்லை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். எது எங்கே இருந்தது என்று மறந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் செல்போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. இன்றைய தூசியும் நுரையீரலுக்குப் போக வேண்டியது இல்லை. பிரேக் கிளீனர் அடித்து, ஈரமாகவே துடையுங்கள்.

பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்விதான் கேலிப்பர். அதன் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் வெளியே வரும். கேலிப்பரை ஹோஸில், அதாவது பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயில், தொங்க விடக்கூடாது, கம்பியோ கயிறோ போட்டுக் கட்டித் தொங்க விடுங்கள். இனி நிதானமாகப் பாருங்கள். உள் பேட், வெளிப் பேட் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா? பேட்டைத் தள்ளும் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் கேலிப்பரில் உள் பேட் மட்டும் ரொம்பத் தேய்ந்திருந்தால், கேலிப்பர் சறுக்கி நகர உதவும் கம்பியான ஸ்லைட் பின் இறுகியிருக்கிறது, இல்லாவிட்டால் பிஸ்டன் திரும்புவதில்லை. ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தாலும் ஸ்லைட் பின் மேல்தான் சந்தேகம்.

அந்தப் பின்னை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து எடுத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம், அது ரப்பரை ஊத வைத்து பின்னை இன்னும் இறுக்கும். கிரீஸை அள்ளி அடைத்தாலும் தப்பு. குழிக்குள் காற்று மாட்டிக்கொண்டு பின் உள்ளே போகாமல் திரும்பத் தள்ளும். சில வண்டிகளில் மேல் பின்னும் கீழ் பின்னும் ஒன்று போல் இருக்காது, ஒன்றில் மட்டும் ரப்பர் உறை இருக்கும். மாற்றிப் போடாதீர்கள்.

பேட்டின் காது, அதாவது இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, உட்காரும் இடத்தில் கிளிப்பை எடுத்துவிட்டு, அடியில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துரு கிளிப்பை மேலே தூக்கும், பேட் இறுகும். சுத்தமான இடத்தில் பேட் கையால் தள்ளினாலே நகர வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. காதிலும், தகட்டின் பின்னால் பிஸ்டன் தொடும் இடத்திலும் விரல் நுனியால் தொட்ட அளவு பிரேக் கிரீஸ் போதும். பேட்டின் உராயும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு சொட்டும் படக்கூடாது.

சேர்த்து முடித்ததும் நட்டை எதிரெதிராக இறுக்குங்கள். வண்டியைக் கிளப்பும் முன், பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதியுங்கள். நாம் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம், முதல் மிதியில் பெடல் தரைக்குப் போகும். இதை மறந்து ஒருமுறை வண்டியைக் கிளப்பி, வீட்டு கேட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தியவன் நான். இன்றும் ஸ்டீயரிங் முன்னால் ஒரு துண்டுச்சீட்டில் 'மிதி' என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

கேள்வி: பிரேக் பிடித்தால் இரும்பை இரும்பில் தேய்ப்பது போல இருக்கிறது. வாரக் கடைசியில் பார்க்கலாமா?

கூடாது. பேட் முழுதும் தீர்ந்து, பின்னால் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை இன்றே நிறுத்துங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே, பெரும்பாலும் நடுக்கிண்ணத்திலோ விளிம்பிலோ பொறித்திருக்கும். அளந்து அதற்குக் கீழே இருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டியதுதான். வலதோ இடதோ ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். பிரேக் பிடிக்காதபோது 'கிரீச்' என்று மெல்லிய சத்தம். லேசாக மிதித்தால் போய்விடுகிறது!

பல கார் பேட்களில் ஒரு வளைந்த இரும்பு நாக்கு இருக்கும். பேட் சுமார் 2, 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். மிதித்தால் அமுங்கிச் சும்மா இருக்கும். அது பேட்டின் மரண ஓலை, மாற்றிவிடுங்கள். பேட் தடிமன் நன்றாக இருந்தும் இப்படி வந்தால் பேட் கிளிப்பில் தளர்ந்து ஆடுகிறது.

மிதித்தாலும் மாறாமல், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'சர்... சர்...' என்றால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகர மறைப்பைப் பாருங்கள். கல் மாட்டியிருக்கும், இல்லையென்றால் தகரம் வளைந்து உரசும். கல் என்றால் வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் உருட்டினாலே சில சமயம் விழுந்துவிடும். தகரத்தை விரலால் நெம்பி விலக்கலாம், சூடு ஆறிய பிறகு. திருப்பத்தில் மட்டும் கூடிக் குறையும் 'ஊம்' சத்தம் என்றால் அது பிரேக்கே இல்லை, சக்கரப் பேரிங்.

கேள்வி: கதவுக் கீல் கத்தினால் எண்ணெய் விடுகிறோம். அதுபோல பைக் டிஸ்க்கில் கொஞ்சம் ஸ்பிரே அடித்தேன். சத்தம் நின்றுவிட்டது, ஆனால்...

அந்த 'ஆனால்' எனக்குத் தெரியும். பிரேக்கும் நின்றுவிட்டது, இல்லையா? டிஸ்க்கின் வேலையே உரசுவதுதான், அதை வழுக்க வைத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? வண்டியை எடுக்காதீர்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடையுங்கள். பேட் எண்ணெயைக் குடித்திருக்கும். அடுப்பில் சுட்டு எடுக்கலாம், உப்புத்தாளில் தேய்க்கலாம் என்பார்கள். மேலோட்டமாகப் படிந்து இறுகிய பளபளப்புக்கு உப்புத்தாள் சரி. உள்ளே ஊறிய எண்ணெய்க்கு அது போதாது. பேட்டை மாற்றுங்கள். செயின் மசகு அடிக்கும்போது பின் டிஸ்க்கில் தெறிப்பதும் இதே தொல்லைதான். அட்டை ஒன்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடித்தால் ஒரே ஒரு 'டக்'.

பேட் தன் இடத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்து முட்டும் சத்தம். கொஞ்சமாக இருப்பது சகஜம். பலமாக இருந்தால் கிளிப் தளர்ந்திருக்கும், மாற்றினால் போகும். கேலிப்பர் போல்ட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதில் மட்டும் அலட்சியம் கூடாது.

கேள்வி: சார், ஒரு சக்கரம் மட்டும் தொட முடியாத அளவு சுடுகிறது, கருகிய வாடை, விட்டு விட்டு முனகல். ஸ்லைட் பின் எல்லாம் சுத்தம் செய்துவிட்டேன்.

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சக்கரத்தைத் தூக்கி, இறுகியிருக்கும்போதே கேலிப்பரில் இருக்கும் காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பிரேக் ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் லேசாகச் சுற்ற ஆரம்பித்தால் அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கும். திறந்தும் இறுக்கம் குறையவில்லை என்றால் பிஸ்டனே துருப்பிடித்து நிற்கிறது. பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நிப்பிளைத் திறந்தபின் காற்று ஏறியிருந்தால் வெளியேற்றாமல் ஓட்டக்கூடாது. இதில் கை பழகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது.

கேள்வி: பின் பிரேக் பேட் மாற்றப் போனேன். பிஸ்டனை எவ்வளவு அழுத்தியும் உள்ளே போகவில்லை.

அழுத்துவதை நிறுத்துங்கள்! ஹேண்ட் பிரேக் கேலிப்பருக்குள்ளேயே இருக்கும் பல வண்டிகளில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும். பட்டன் போட்டால் பிடிக்கும் மின் ஹேண்ட் பிரேக் என்றால், முதலில் அதைச் சர்வீஸ் நிலைக்கு, அதாவது பேட் மாற்ற வசதியாக விலகி நிற்கும் நிலைக்கு, கொண்டுபோக வேண்டும். பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் மோட்டாரும் பல்சக்கரமும் போய்விடும். வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, 'டுப் டுப்' என்று சத்தம். டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார்கள்.

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை, ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் போகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் வந்தாலே காலுக்கும் கைக்கும் தெரிய ஆரம்பிக்கும். சூட்டில் பேட் பொருள் திட்டுத்திட்டாக அப்பியிருக்கலாம். டிஸ்க்கும், அதைத் தாங்கும் சக்கர நடுப்பகுதியான ஹப்பும் சேரும் முகத்தில் துருத்துகள் மாட்டி, டிஸ்க் சாய்ந்து சுற்றிக்கொண்டே இருந்து இப்படித் தேய்ந்திருக்கலாம். சக்கர நட்டை ஒரு பக்கமாக முறுக்கியதும் காரணமாகலாம். புது டிஸ்க் போட்டாலும் ஹப்பைத் துடைக்காவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார். சிக்னலில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்போது மாடு முனகுவது போல ஒரு சத்தம். எல்லாம் கழற்றிப் பார்த்தாயிற்று, எல்லாம் நன்றாக இருக்கிறது.

வண்டி தானாக நகரப் பார்க்கிறது, பிரேக் அரைகுறையாகப் பிடித்திருக்கிறது. பேட் ஒட்டி வழுக்கி, ஒட்டி வழுக்கி முனகுகிறது. கீச் சத்தத்தின் அண்ணன்தான், தொண்டை கொஞ்சம் கட்டையானது. கெடுதல் ஒன்றும் இல்லை. பெடலை முழுதாக மிதித்து நில்லுங்கள், நகரும்போது முழுதாக விடுங்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்கிறீர்கள் என்றால் முனகத்தான் செய்யும், பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.