அமெரிக்காவில் எங்கள் கவுண்டி ஃபேரில் (மாவட்டக் கண்காட்சி), பிள்ளைகள் வளர்த்த கால்நடைகளின் ஏலத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வீட்டில் எல்லோரும் சைவம், மகள் 4-எச் என்ற சிறுவர் கிளப்பில் முயல் வளர்க்கிறாள், ஏல நாளுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் போங்கள். விலங்கைத் தொடாமலே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, விற்பனையைப் பதிவு செய்யும் கிளெர்க் மேசை. அங்கே எழுதுவதை வைத்துத்தான் பிள்ளைக்குச் செக் வரும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பல கவுண்டிகளில் மாடு, பன்றி, செம்மறி, வெள்ளாடு எல்லாம் பவுண்டுக்கு இத்தனை டாலர் என்று ஏலம் போகும். கோழியும் முயலும் பெரும்பாலும் மூன்று சேர்ந்த ஒரு தொகுதியாக, மொத்த விலைக்கு. ஏலக்காரர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவார். கூட்டத்தில் கை தூக்குபவரைக் கண்டு குரல் கொடுப்பவர் ரிங்மேன். உங்கள் மேசையில் இருவர் தனித்தனியாக எழுத வேண்டும். சில விற்பனைகளுக்கு ஒருமுறை இரண்டு தாளையும் ஒப்பிட வேண்டும். லாட் எண் (ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு விலங்குக்கும் அல்லது தொகுதிக்கும் உள்ள எண்), பிள்ளையின் பெயர், காது டேக் எண், எடை, விலை, வாங்கியவரின் எண், விலங்கு போய்ச் சேரும் இடம் என்று ஏழு விவரம். இதில் ஒன்று விடுபட்டாலும் அடுத்த லாட்டுக்குப் போகவிடாதீர்கள். கை தூக்கி நிறுத்துங்கள். ஏலக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தவறு அதிகம் வருவது வாங்கியவரின் எண்ணில். ஒலிபெருக்கியில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். காதை நம்பாமல், அவர் தூக்கிப் பிடிக்கும் அட்டையைப் பாருங்கள். இரண்டு கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் இரண்டு எண்ணையும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அப்போதே எழுதுங்கள்.

அடுத்தது பணக் கணக்கு. 270 பவுண்டு பன்றி பவுண்டுக்கு 5 டாலர் என்றால் 1,350 டாலர். வாங்கியவருக்கு இறைச்சி வேண்டாம் என்றால், அதைச் சந்தை விலைக்கு இறைச்சி ஆலைக்கு விட்டுவிட்டு வித்தியாசத்தை மட்டும் கட்டலாம் என்று பல இடங்களில் ஏற்பாடு உண்டு. சந்தை விலை 60 சென்ட் என்று வையுங்கள்: ஆலை தருவது 162, அவர் கட்டுவது 1,188. சில கவுண்டிகளில் ஏலமே இந்த மேல்தொகைக்கு மட்டும்தான். உங்கள் கவுண்டியில் எந்த முறை என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். விலங்கை வாங்காமல் பிள்ளைக்கு 25, 50 என்று கூடுதலாகக் கொடுப்பவர்களும் உண்டு. அதற்குத் தனித் தாள் போடுங்கள். விற்பனைச் சீட்டில் கலக்காதீர்கள்.

இறைச்சி வேண்டும் என்பவரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 270 பவுண்டு உயிர் எடை, வெட்டித் தொங்கவிட்டால் சுமார் 195 பவுண்டு. எலும்பும் கொழுப்பும் கழித்த பிறகு இன்னும் குறையும். வெட்டிப் பொட்டலம் கட்டும் கூலி பொதுவாகத் தனி. இதைச் சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அவர் வரமாட்டார்.

கொட்டகைப் பக்கம் போக நேர்ந்தால், பன்றிக்கு வியர்க்காது என்பதை நினைவில் வையுங்கள். வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கொட்டகைப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். பன்றியை நகர்த்தப் பலகை உண்டு. அதைத் தரையை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கீழே இடைவெளி தெரிந்தால் மூக்கை நுழைத்துத் தூக்கிவிடும். தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். 2012இல் இந்தக் கண்காட்சிகளில் பன்றியிடமிருந்து எச்3என்2வி என்ற ஃப்ளூ காய்ச்சல் தொற்றி, 300க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் சிறுவர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், 65 வயதைத் தாண்டியவர்களும் பன்றிக் கொட்டகைக்குள் போகாமல் இருப்பது நல்லது.

விற்ற பிறகு பிள்ளை அழும், 'திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்கும். நீங்களாக எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். பொறுப்பாளரிடம் அழைத்துப் போங்கள். 2022இல் கலிபோர்னியாவின் ஷாஸ்டா ஃபேரில் ஏலம் போன ஒரு வெள்ளாட்டைச் சிறுமியின் குடும்பம் திரும்பக் கேட்டது. ஆட்டைத் தேடிப் போலீஸ் பல நூறு மைல் போனது, ஆடு வெட்டப்பட்டது. குடும்பம் போட்ட வழக்கில் 2024இல் கவுண்டி தரப்பு 3 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. விற்றால் வெட்டுக்குத்தான் என்ற விதி இருக்கும் ஃபேரில், அதை ஆட்டுக்குட்டி வாங்கும் முன்பே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத பெரியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

'சைவம் என்று சொல்லிக்கொண்டு இதற்குத் துணை போவதா' என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: யாரையும் உணவை மாற்றச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் உழைப்புக்குக் கணக்கு சரியாக எழுதச் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 'படிக்காவிட்டால் மாடுதான் மேய்க்க வேண்டும்' என்று இங்கு வந்த பிறகும் பிள்ளைகளைத் திட்டுகிறோம். அந்தக் கொட்டகையில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். 60 பவுண்டில் வாங்கிய குட்டி 105 நாளில் 270 எட்ட ஒரு நாளைக்கு 2 பவுண்டு ஏற வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கும். எடை வரம்பைத் தாண்டிவிடும் போலிருந்தால் தீவனத்தை எப்படி மாற்றுவது, ஊசி போட்டால் எத்தனை நாள் கழித்து வெட்டுக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மேய்ப்பதை ஏசலாகச் சொல்வதை நிறுத்துங்கள்.

கடைசி லாட் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஆலைக்குப் போவது எது, உள்ளூரில் வெட்டப் போவது எது என்று பிரித்து லாரியில் ஏற்றும்போது சீட்டோடு ஒருவர் நிற்க வேண்டும். அடைப்பில் தொங்கும் அட்டையைப் பார்க்காதீர்கள். விலங்குகளை இடம் மாற்றிக் கட்டியிருப்பார்கள். காதில் இருக்கும் டேக்கைப் படித்து, சீட்டில் ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். தவறான லாரியில் ஏறியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.