பூசணம் பிடித்த மணிலாவும் வீட்டில் வந்த தோல் நோயும்

கேள்வி: ஐயா, வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி மணிலா (நிலக்கடலை) போட்டிருந்தேன். ஐப்பசியில் பறிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் காய் சரியாகக் காயவில்லை. உடைத்துப் பார்த்தபோது பூசணம் பிடித்தது, சூம்பியது என்று இரண்டு மூட்டை பருப்பு கழிந்தது. வீணாக்க மனமில்லாமல் ஒரு மூட்டையைச் செக்கில் ஆட்டி, பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைத்தோம். இன்னொரு மூட்டையை நொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டு வருகிறோம். அதில் பார்வைக்கு நன்றாக இருந்ததைப் பொறுக்கி வீட்டிலும் வறுத்துத் தின்றோம். இரண்டு மாதத்துக்குள், தடுப்பூசி போட்ட கோழிகளிலேயே 11 கழிச்சலில் செத்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஈரல் மஞ்சளாக இருந்தது. கிடாரிக் கன்றுக்குக் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் வட்ட வட்டமாக முடி கொட்டி, சாம்பல் நிறத்தில் பொருக்குக் கட்டியிருக்கிறது. என் மகனுக்குக் கையில் வட்டமாக அரிப்பு. அப்பாவுக்குப் பல ஆண்டுகளாக இருக்கும் சொரியாசிஸ் இந்த மார்கழியில் அதிகமாகிவிட்டது. அதற்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒரு மாத்திரை போடுகிறார். எல்லாமே அந்தப் பூசண மணிலாவால் வந்ததா? மீதமுள்ள பிண்ணாக்கை நன்றாக வெயிலில் காயவைத்துக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்கக் கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அந்தப் பிண்ணாக்கையும் நொறுக்கிய பருப்பையும் தொழுவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வெயிலில் பூசணத்தின் வளர்ச்சி நிற்கும். அது சுரந்து வைத்த நஞ்சு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. நம் அடுப்புச் சூட்டுக்குச் சிதையும் பொருள் அல்ல அது.

அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றார்கள். அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணத்தின் பெயரிலிருந்துதான் நஞ்சுக்கும் பெயர் வைத்தார்கள். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிக் கிராமங்களில் பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று 100-க்கும் மேற்பட்டவர்கள் ஈரல் பாதிப்பால் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. உங்கள் வீட்டில் நடந்ததை அந்த அளவுக்குப் பெரிதாக்கிப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அறுவடை நேரத்து மழை, காயாத தானியம், அதையே மனிதரும் விலங்கும் தின்றது என்ற வரிசை அங்கும் இங்கும் ஒன்றாக இருப்பதால் சொல்கிறேன்.

ஆனால், நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கும் நான்கு தொல்லைகளும் ஒன்றல்ல. பிரித்துப் பார்த்தால்தான் சரியான வைத்தியம் நடக்கும்.

கோழிகளில் தொடங்குகிறேன். ஆரோக்கியமான கோழியின் ஈரல் கருஞ்சிவப்பாக, விரலால் அழுத்தினால் இறுக்கமாக இருக்கும். அஃப்ளாடாக்சின் தின்ற கோழியின் ஈரல் வெளுத்து மஞ்சளாகி, வீங்கி, விரல் பட்டாலே பிய்ந்து வரும். தோலை உரித்தால் தொடைச் சதையில் இரத்தம் கட்டிய திட்டுகளும் தெரியலாம். நீங்கள் பார்த்த மஞ்சள் ஈரல் இதோடு ஒத்துப்போகிறது. கழிச்சல் மட்டும் வேறு கதை. அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயாக இருக்கும். தடுப்பூசி போட்டும் ஏன் வந்தது என்பதில்தான் நஞ்சின் வேலை இருக்கிறது.

தடுப்பூசி நேரடியாக நோயைத் தடுப்பதில்லை. எதிரியின் அடையாளத்தை உடம்புக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து உடம்புதான் எதிர்ப்புப் புரதங்களைச் செய்துகொள்ள வேண்டும். அஃப்ளாடாக்சின் ஈரலுக்குள் போனதும் இன்னும் கொடிய வடிவமாக மாறி, உயிரணுவின் மரபுப் பொருளோடும் புரதங்களோடும் ஒட்டிக்கொள்கிறது. புரதம் செய்யும் வேலை தடைபடுகிறது. கோழியின் நோய் எதிர்ப்பு அணுக்கள் வளரும் இடங்களான தைமஸ் சுரப்பியும், ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற சிறு பையும் சுருங்கிவிடுகின்றன. கிருமியை விழுங்கும் அணுக்கள் மந்தமாகின்றன. ஊசி போட்ட உடம்பில் ஊசிக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போகிறது. ஊசி மருந்து குளிர்ச்சி கெடாமல் வந்ததா என்பதையும் விசாரியுங்கள். அதனாலும் தடுப்பூசி தோற்கும். தீவனத்தை மாற்றிச் சில வாரங்கள் கோழிகள் தேறிய பிறகு, கால்நடை மருந்தகத்தில் கேட்டு மறுபடி ஊசி போடுங்கள்.

இது கோழியோடு நிற்பதில்லை. நம்மைப் போலவே கடலையை நம்பி வாழும் ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். இரத்தத்தில் அஃப்ளாடாக்சின் தடயம் இருந்த குழந்தைகளின் எச்சிலில், வாயிலும் குடலிலும் கிருமியை மறிக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் குறைவாக இருந்தது. உங்கள் வீட்டுப் பையனை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கன்றின் தோலுக்கு வருவோம். கண்ணைச் சுற்றி, கழுத்தில், வட்டமாக, சாம்பல் பொருக்கோடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது படைநோய். அதுவும் பூஞ்சைதான், ஆனால் மணிலாவில் வந்த பூஞ்சை அல்ல. தோலிலும் முடியிலும் வாழும் வேறு இனம். தீவனத்தில் பூசணம், உடம்பிலும் பூஞ்சை, எனவே இரண்டும் ஒன்று என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். படைநோய் ஒரு கன்றிலிருந்து இன்னொன்றுக்கும், கன்றைத் தடவும் கைக்கும் ஒட்டும். உங்கள் மகன் கையில் இருக்கும் வட்டம் பெரும்பாலும் கன்று கொடுத்த படர்தாமரை. கன்றைத் தனியே, வெயில் படும் இடத்தில் கட்டுங்கள். கையுறை போட்டுப் பொருக்கை ஊறவைத்து எடுத்துவிட்டு, கால்நடை மருத்துவர் தரும் பூஞ்சைக் கொல்லி மருந்தைப் பூசுங்கள். பொருக்கைத் தொழுவத்தில் உதறாமல் எரித்துவிடுங்கள். கட்டுத்தறியிலும் கயிற்றிலும் அதன் வித்துகள் நெடுநாள் உயிரோடு இருக்கும். பையனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசியதும் அரிப்பு அடங்கும். படர்தாமரையோ வெளியே தெரியாமல் பரவி, பிறகு எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. அந்தத் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள்.

கன்றுக்குப் படை வந்ததில் நஞ்சுக்குப் பங்கே இல்லையா என்றால், மறைமுகமாக இருக்கலாம். ஊட்டம் குறைந்து, எதிர்ப்பு சக்தி தளர்ந்த கன்றில் படை சீக்கிரம் பற்றும், மெதுவாகவே ஆறும்.

பூசண நஞ்சு நேரடியாகத் தோலையே அழிக்கும் நோயும் உண்டு. மழையில் நனைந்து பூசணம் பூத்த வைக்கோலைத் தின்னும் எருமைகளுக்கு வால் நுனி, காது மடல், குளம்புக்கு மேல்பகுதி ஆகியவை கறுத்து, அழுகி, சில நேரம் உதிர்ந்தே போகும். பஞ்சாபில் ஒரு ஓடையின் பெயரால் அதை டெக்னாலா நோய் என்பார்கள். உங்கள் கன்றுக்கு இது இல்லை. ஆனாலும் அதே ஐப்பசி மழையில் வைக்கோல் போரும் நனைந்திருந்தால், நடுவில் கைவிட்டு ஒரு பிடி உருவி முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாடை அடித்தால் அந்தப் பகுதியை மாட்டுக்கு வைக்காதீர்கள்.

இனி அப்பாவின் சொரியாசிஸ். கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான். உங்களுக்கே ஒரு சந்தேகம் வரும். சொரியாசிஸ் என்பது எதிர்ப்பு சக்தி தன் உடம்பின் தோலையே தாக்கும் நோய் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். நஞ்சு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்றால், நோயும் குறையத்தானே வேண்டும்?

வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். நடுவில் கரை உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, பயிர் காயும். அதே நேரத்தில், உடைந்த இடத்துக்குப் பக்கத்து வயலில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். ஒரே உடைப்புதான், ஒரு பக்கம் வறட்சி, இன்னொரு பக்கம் வெள்ளம். எதிர்ப்பு சக்தியும் ஒரே அளவில் கூடிக் குறைவது அல்ல. கிருமியைப் பிடிக்கும் பக்கம் தளரும்போதே, அழற்சியைத் தூண்டும் பக்கம் கட்டுமீறிப் போகலாம். சொரியாசிஸ் போன்ற அழற்சியைத் தோலில் உண்டாக்கிய எலிகளுக்குச் சில நாட்கள் அஃப்ளாடாக்சின் கொடுத்துப் பார்த்த ஆய்வில், தோலின் தடிப்பும் அழற்சியும் இன்னும் மோசமாயின. எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த டி அணுக்களிலும் தோல் அணுக்களிலும் அழற்சிச் சுரப்புகள் ஏறியிருந்தன.

அது எலியில் கண்டது. அதை வைத்து அப்பாவின் நோய்க்கு மணிலாதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் முடிவு கட்டாதீர்கள். அவருக்கு நோய் இருப்பது பல ஆண்டுகளாக. மார்கழிக் குளிரிலும் வறண்ட காற்றிலும் சொரியாசிஸ் பலருக்கும் ஏறும். தொண்டைப் புண், தோலில் பட்ட கீறல், மனக்கவலை, மது, புகை எல்லாம் அதைத் தூண்டும். விளைச்சல் கெட்ட ஆண்டில் வீட்டுப் பெரியவருக்குக் கவலை இல்லாமலா இருக்கும்?

ஆனால், வாரத்தில் ஒரு நாள் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னைக் கவலைப்பட வைக்கிறது. சீட்டை எடுத்துப் பாருங்கள். மெத்தோட்ரெக்சேட் என்று இருந்தால், அது ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதனால்தான் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள், மதுவைத் தொடவே கூடாது என்பார்கள். அந்த ஈரலின் மேல் அஃப்ளாடாக்சின் பாரத்தையும் ஏற்றக் கூடாது. பூசணக் கடலை சாப்பிட்டதை மறைக்காமல் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈரல் பரிசோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்லலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். நோய் ஏறியிருக்கிறதே என்று தினமும் கொடுக்கவும் வேண்டாம். வார மாத்திரையைத் தினசரி போட்டால் உயிருக்கே ஆபத்து.

பாலை மறந்துவிடாதீர்கள். மாடு தின்ற அஃப்ளாடாக்சினில் ஒரு சிறு பங்கு, பெரும்பாலும் நூற்றில் ஒன்று முதல் மூன்று வரை, எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் தயிராக்கினாலும் போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. நல்ல செய்தி என்னவென்றால், தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாட்களில் பால் தெளிந்துவிடும். அந்த நாட்களில் மகனுக்கும் அப்பாவுக்கும் இந்தப் பாலைக் கொடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். கன்று ஊட்டினால் அதற்கும் இதே கணக்குதான்.

செக்கில் ஆட்டிய எண்ணெயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில்தான் தங்கும். ஆனால் சுத்திகரிக்காத எண்ணெயிலும் அதன் கசண்டிலும் கொஞ்சம் இருக்கும். கழித்த பருப்பில் ஆட்டிய எண்ணெயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

கழித்ததிலிருந்து நல்லதைப் பொறுக்கித் தின்றோம் என்கிறீர்கள். பொறுக்குவது நல்ல வழக்கம்தான். நஞ்சு மூட்டை முழுவதும் ஒரே சீராக இருக்காது. சில பருப்புகளில் மட்டும் குவிந்திருக்கும். சூம்பியது, நிறம் மாறியது, உடைந்தது, கசப்பது ஆகியவற்றை நீக்கினால் பெரும்பங்கு போய்விடும். ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் பருப்பிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், பூசணம் அதிகம் கண்ட குவியலிலிருந்து பொறுக்கியதை வீட்டுக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. மீதமுள்ள நல்ல குவியலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று பல இடங்களில் பிடி பிடியாக எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைச் சோதனைக்கு அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

அடுத்த பட்டத்துக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். பறித்த செடிகளைக் காய் மேலே வெயிலைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுக் காயவையுங்கள். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். ஈரப்பதம் எட்டு ஒன்பது சதவிகிதத்துக்கு இறங்கியதன் அடையாளம் அது. இன்னொன்று, உடைக்கும் களங்களில் நான் பலமுறை பார்த்தது. பருப்பு உடையாமல் வர வேண்டும் என்று காய்ந்த காயின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் தெளிப்பார்கள். நாட்கணக்கில் பாடுபட்டுக் காயவைத்ததை அரை மணியில் பூசணத்துக்குக் கொடுக்கும் வேலை அது. வீட்டுக்கும் விதைக்கும் வைப்பதையாவது தண்ணீர் படாமல் உடையுங்கள். முடிந்தவரை காயாகவே, பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி வையுங்கள்.

இப்போது இருக்கும் பிண்ணாக்கையும் நொறுக்கிய பருப்பையும் குப்பைமேட்டில் கொட்டினால் கோழிகள் கிளறித் தின்னும். கோழி கிளற முடியாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். எடுக்கும்போது தூசி மூக்கில் ஏறாதபடி துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அப்பாவை விடாதீர்கள்.