தமிழ் பேசுகிற பிள்ளை தமிழ் வாசிக்க

கேள்வி: தில்லி மயூர் விகாரில் இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் வாங்கிக் கொடுத்தேன். பத்துப் பக்கம் தாண்டவில்லை. ஆங்கிலத்தில் பெரிய பெரிய நாவல்களைப் படிக்கிறவன்தான். என்ன செய்வது?

பதில்: மகனுக்கு ஆர்வமும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. கண்தான் இன்னும் பழகவில்லை. எழுத்துக்கூட்டி வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும். அப்புறம் கதை எப்படிப் பிடிக்கும்? இப்போதைக்கு நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும். இந்த வயதில் போய் வாசித்துக் காட்டுவதா என்று தயங்கவே வேண்டாம்.

வாங்கி வைத்த புத்தகமே இதற்குத் தோதானது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர்கதை அது. அடுத்த இதழுக்கு வாசகர் ஏங்கும்படி நிறுத்துவதில் கல்கி மன்னர். தினம் ஒரு அத்தியாயம் போதும். அவன் கெஞ்சினாலும் அங்கேயே மூடிவிடுங்கள். தொடக்கத்தில் வரும் வீரநாராயண ஏரி வர்ணனையை உங்கள் பேச்சிலேயே சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஆழ்வார்க்கடியான் வாதத்துக்கு நிற்கிற இடத்திலிருந்து வாசிக்கலாம். கொஞ்சம் நடித்தே வாசியுங்கள்.

சில வாரம் போனதும் வந்தியத்தேவன் பேசுகிற வரிகளை மட்டும் அவனிடம் கொடுங்கள். தடுமாறினால் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே போங்கள். திருத்தம் சொல்லிக்கொண்டு நின்றால் கதை அறுந்துவிடும்.

தனியாக வாசிக்க, பேச்சு நிறைந்த சிறுகதைதான் நல்லது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கொடுத்துப் பாருங்கள். சென்னைத் தெருவில் கடவுள் வழி கேட்கிறார். அவரிடமே கந்தசாமிப் பிள்ளை தன் பத்திரிகைச் சந்தாவுக்கு அடிபோடுகிறார். பையன் கட்டாயம் சிரிப்பான். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்து என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஆர்.கே.புரம் தில்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. அழைத்துப் போய், அவனையே எடுக்க விடுங்கள். துப்பறியும் கதையை எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள். பாதியில் வைத்தால் ஏன் என்று குடையவும் வேண்டாம். கல்லூரிக்குப் போகிற வயதில் ஆதவனின் ‘காகித மலர்கள்’ கொடுங்கள். தான் வளர்ந்த தில்லி தமிழில் இருப்பதை அதில் பார்ப்பான்.