‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: ‘வீ ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல்’ என்று படித்தேன். பெட்ரோல் தீர்ந்ததற்கு நாம் ஏன் சார் ஓட வேண்டும்?

பதில்: ‘அவுட் ஆஃப்’புக்குப் பின்னால் பெட்ரோல் மாதிரி தீரக்கூடிய பொருள் வந்தால் அங்கே ஓட்டமே கிடையாது. இருந்தது தீர்ந்துபோனது, அவ்வளவுதான். பொருளை முதலில் வைத்தால் ‘தி பெட்ரோல் ரேன் அவுட்’ போதும். ஆளை முதலில் வைத்தால், எது தீர்ந்தது என்று சொல்ல ‘ஆஃப் பெட்ரோல்’ வந்தாக வேண்டும். மாணவர்கள் இதைத்தான் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். ‘வீ ரேன் அவுட்’ என்று நிறுத்தினால், எல்லோரும் வெளியே ஓடினோம் என்றும் ஆகிவிடும்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் பழைய நண்பனைப் பார்த்ததை ‘ஐ ரேன் ஓவர் மை ஃபிரண்ட்’ என்று எழுதினேன். டீச்சர் அந்த வரியை அடித்துவிட்டார்.

பதில்: அடித்தது சரி. நண்பன்மேல் வண்டியை ஏற்றிவிட்டேன் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்! எதிர்பாராமல் பார்த்தால் ‘ரேன் இன்டூ’. ஆனால் ‘ரேன் இன்டூ எ வால்’ என்றால் சுவரில் மோதியதுதான்.

கேள்வி: நம் ‘ஓடு’வுக்கும் இத்தனை பொருள் உண்டா?

பதில்: உண்டே! கடிகாரம் ஓடுகிறது, குடும்பம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. படத்துக்கு ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகாது. அவர்களுக்கு மூக்கும் ஓடும், துணிச் சாயமும் ஓடும். நமக்கு மூக்கு ஒழுகும், சாயம் போகும். கடையை அவர்கள் ‘ரன்’ செய்வார்கள், நாம் நடத்துவோம். எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நம் ஊரிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: பேங்க் ரன், டிரை ரன் என்கிறார்களே, அங்கே யார் ஓடுகிறார்கள்?

பதில்: யாரும் இல்லை. இரண்டிலும் ‘ரன்’ பெயர்ச்சொல். வங்கி மூழ்கிவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கக் கிளம்புவது பேங்க் ரன். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். நின்றதற்குப் பெயர் ‘ரன்’! டிரை ரன் என்பது ஒத்திகை. 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி தொடங்கும் முன் நாடு முழுக்க நடத்தினார்களே, அதுதான். பெயர் பதிவு, காத்திருப்பு எல்லாம் நடந்தது, மருந்து மட்டும் ஏற்றவில்லை.

கேள்வி: ‘ஐ ஹேவ் ரேன்’ சரியா?

பதில்: தவறு. ரன், ரேன், ரன் என்பதுதான் வரிசை. ‘ஹேவ்’ வந்தால் மறுபடியும் ‘ரன்’.