கொட்டாவி விட்டால் 'டக்' சத்தம்: தாடை எலும்பு தேய்கிறதா?

வணக்கம். கொட்டாவி விடும்போது இடது காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் வருகிறது, வலி இல்லை, எலும்பு தேய்கிறதோ என்று கேட்டிருந்தீர்கள். வலியே இல்லை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

கீழ்த்தாடையின் மேல் முனை உருண்டையாக இருக்கும். காதுக்குச் சற்று முன்னால், மண்டையோட்டில் உள்ள ஒரு குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. நடுவே மெத்தை போல ஒரு மெல்லிய தட்டு. வாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது அந்த முனை சுழல மட்டுமே செய்யும். இன்னும் திறந்தால் முன்னால் வழுக்கி வரும். (காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், நன்றாகவே தெரியும்.) தட்டும் கூடவே நகர வேண்டும். அது முன்னால் விலகிப் போயிருந்தால், முனை அதன்மேல் திரும்ப ஏறும் நொடியில்தான் அந்த 'டக்'.

சத்தம் வருகிறதா என்று அடிக்கடி திறந்து பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். சூயிங்கம் வேண்டாம். அப்புறம், சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே இயல்பு. வேலை மும்முரத்தில் பலரும் தெரியாமலே கடித்துக்கொண்டிருப்பார்கள்.

வலி வந்தாலோ வாய் பூட்டிக்கொண்டாலோ பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். திடீரென்று சத்தம் நின்று, வாயும் முழுதாகத் திறக்காவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தட்டு முன்னாலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம்.