வயலில் வீட்டு ஆட்கள் செய்யும் வேலைக்கும் கூலி போட்டுக் கணக்கு எழுத வேண்டுமா?

கட்டாயம் எழுத வேண்டும். கேட்ட விதத்தைப் பார்த்தால், நிலம் கூடப்பிறந்தவர்களுக்குப் பொது, இறங்கி வேலை பார்ப்பது நீங்கள் மட்டும் என்று தோன்றுகிறது. அப்படியானால் இன்றே தொடங்குங்கள்.

நோட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதி, வயல், வேலை, யார், எத்தனை மணி நேரம். அன்றன்று சாயங்காலமே எழுதிவிட வேண்டும். வாரக் கடைசியில் உட்கார்ந்தால் நடவும் அறுப்பும்தான் ஞாபகம் வரும். ராத்திரி மடை திருப்பியது, உரத்துக்கு அலைந்தது, வேலையாட்களுக்குச் சமைத்தது எல்லாம் விட்டுப்போகும்.

வரவில் விதை, உரம், வெளியாள் கூலி, இயந்திரத் தேய்மானம் போக 1,20,000 மிஞ்சியது என்று வையுங்கள். இதை லாபம் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் 40,000 வந்திருக்கும். போட்ட சொந்தப் பணத்துக்கு வட்டி 10,000. இரண்டையும் கழித்தால் 70,000. வீட்டு ஆட்கள் 1,000 மணி நேரம் உழைத்திருந்தால் மணிக்கு 70. அதே வேலைக்கு வெளியாளுக்கு 90 கொடுக்கிறீர்கள் என்றால் 20,000 உங்கள் உடம்பிலிருந்து போயிருக்கிறது.

"இப்படிப் பார்த்தால் எந்த வெள்ளாமையும் தேறாது" என்று சண்டைக்கு வருவார்கள். விட்டுவிடச் சொல்லவில்லை. வேறு வேலை இல்லாத மாதத்தில் அந்த 70-ம் வரவுதான். கூலியாட்களை மட்டும் நம்பிய பண்ணை மூடிவிடும் விலையிலும் குடும்பப் பண்ணை தாக்குப்பிடிப்பது இதனால்தான். ரஷ்யப் பொருளியலாளர் சயானோவ் 1920-களிலேயே இதை விளக்கியிருக்கிறார்.

மிஞ்சியதைப் பங்கு பிரிக்கும்போது குத்தகை மதிப்பு பத்திரத்தில் உள்ள பங்குப்படி, கூலி மணிக்கணக்குப்படி, வட்டி பணம் போட்டவருக்கு. மகசூல் பொய்த்தால் எதை முதலில் எடுப்பது என்பதை விதைப்புக்கு முன்பே பேசிவிடுங்கள். கிணறு, சொட்டுநீர்க் குழாய், மரக்கன்று போன்றவை யார் பணத்தில், எந்தத் தேதியில் வந்தன என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் பாகம் பிரிக்கையில் அந்தச் செலவு நில விலைக்குள் கரைந்து சமபங்காகப் போய்விடும்.

இன்னொரு எரிச்சல். தொழிலில் பாதிக்கு மேல் நடத்துபவருக்கும் உறவினருக்கும் சொந்தமாக இருந்தாலே அது குடும்பப் பண்ணை என்கிறது அமெரிக்க வேளாண் துறை. களை எடுப்பது யார் என்ற கேள்வியே அதில் இல்லை. பத்திரத்தில் பெயர் இல்லாத மருமகள் எத்தனை வருஷம் உழைத்தாலும், கடன் விண்ணப்பத்தில் அவள் வெறும் 'குடும்ப உறுப்பினர்'தான். அந்த நோட்டில் அவள் மணிக்கணக்கைத் தனி வரியில் எழுதுங்கள், உங்களுடையதோடு சேர்க்காதீர்கள்.