டாக்டரிடம் என்ன வெட்கம்?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 64. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நெஞ்சு வலிக்கிறது என்றதால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இசிஜி எடுக்க வந்த பையன் திரையைக்கூட இழுக்காமல் ரவிக்கையைக் கழற்றச் சொன்னான். எதிரே நாலு பேர். அத்தை எழுந்து வந்துவிட்டார். செத்தாலும் இனி அங்கே போகமாட்டாராம். "டாக்டர்கிட்ட என்ன வெட்கம்?" என்று என் கணவர் சத்தம் போடுகிறார். யார் பக்கம் நியாயம்?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அத்தை பக்கம். உங்கள் கணவரை நாலு பேர் எதிரில் கால்சட்டை இல்லாமல் படுக்கச் சொல்லுங்கள். பிறகு வெட்கத்தைப் பற்றிப் பேசட்டும்.

இசிஜிக்கு மார்பில் ஆறு இடத்தில் ஒட்ட வேண்டும், உண்மைதான். திரையை இழுத்துவிட்டு, "அம்மா, இங்க ஒட்டப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி, ஒட்டியதும் மேலே துணியைப் போர்த்தினால் மிஷின் கோபித்துக்கொள்ளாது. டாக்டர் கழுத்தில் தொங்குகிறதே ஸ்டெதஸ்கோப், அது பிறந்ததே இந்தக் கூச்சத்தில்தான். 1816இல் பாரிஸில் லென்னக் என்ற டாக்டருக்கு ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கத் தயக்கம். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நெஞ்சொலி முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது!

ஆண் டாக்டர் பெண்ணைச் சோதிக்கும்போது துணைக்கு ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது மலேசிய மருத்துவ மன்றமே சொல்வது. ஆகவே துணைக்கு ஒரு மிசியை, அதாவது நர்ஸை, கேட்பது சலுகையல்ல. கவுண்டரிலேயே, "அடா டோக்டர் பெரம்புவான்?" (பெண் டாக்டர் இருக்கிறாரா?) என்று மலாயில் கேளுங்கள். இருந்தால் வருவார். இல்லையென்றால் மிசியும் திரையும் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் அங்கேயே புகார் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து புலம்புவதில் நாம் கெட்டிக்காரர்கள்.

நம் பக்கமும் கோளாறு உண்டு. மலாய் தெரியுமே என்று பேரனைக் கூட்டிப் போகிறோம். "தீட்டு நின்னு எத்தனை வருசம்?" என்று அவன் கேட்டால் எந்தப் பாட்டி வாய் திறப்பாள்? "ஒண்ணுமில்லடா" என்பாள். டாக்டரும் அதையே எழுதிக்கொள்வார்.

ஆனால் அத்தையிடம் இதையும் சொல்லுங்கள்: மறுபடி வலி வந்தால் ஆணா பெண்ணா என்று பார்க்க நேரமிருக்காது, யார் கை கிடைக்கிறதோ அதுதான் கை. வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த ரவிக்கையைப் போட்டுவிடுங்கள், பையில் ஒரு கைலி இருக்கட்டும். உள்ளே நீங்கள் போங்கள். கணவர் கார் பார்க்கிங் தேடட்டும்.